வானொலி வேண்டாம் என்ற கொலைக்கதை



நெல்லைப் பக்கத்து முக்கூடல் தெருக்களில் பகல் வேளையில் நடந்து போனால், திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி முடிக்கும்வரை கண் அந்தத் தட்டை விட்டு நகராது. காதுக்கு மட்டும் வேலை இல்லை. அப்படிப்பட்ட காதுகளை நம்பித்தான் ஒலிச்சித்திரம் பிழைத்தது. திரையரங்கில் ஓடி முடிந்த படத்தைச் சுருக்கி, முக்கியமான வசனங்களையும் பாட்டையும் கோத்து ஒலிபரப்புவார்கள். இலங்கை வானொலியின் தயவில் தென்மாவட்டங்கள் நிறையவே கேட்டிருக்கின்றன. கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் கட்டபொம்மன் கதை வசனம் கேட்டு, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வசனம் முழுவதையும் ஒப்பித்தவர்கள் நம் பக்கம் உண்டு.

நம்மிடம் சினிமா வானொலிக்கு வந்தது. இங்கிலாந்தில் வானொலி சினிமாவுக்குப் போனது. துப்பறியும் கதைகளில் இது நன்றாகத் தெரியும்.

1938-ல் பிபிசி வானொலியில் பால் டெம்பிள் என்றொரு துப்பறிவாளர் அறிமுகமானார். உருவாக்கியவர் பிரான்சிஸ் டர்பிரிட்ஜ். டெம்பிள் போலீஸ்காரர் அல்ல, நாவலாசிரியர். பத்திரிகையில் வேலை பார்த்த ஸ்டீவ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அதன்பின் கொலை விசாரணைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகவே போவார்கள். 1946-ல் இந்தத் தொடர் படமானது. அதே ஆண்டு டிக் பார்டன் வானொலியில் வந்தார். வார நாட்களில் தினமும் மாலை 6.45-க்குக் கால் மணி நேரம். ஒவ்வொரு நாளும் அவர் உயிர் ஊசலாடும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒன்றரைக் கோடிப் பேர் வரை கேட்டார்கள் என்பது கணக்கு. மொத்தம் 711 பகுதிகள். ஹேமர் நிறுவனம் 1948-ல் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் டிராகுலா படங்களால் உலகப் புகழ் பெற்றதும் இதே நிறுவனம்தான். பார்டனாக நடித்த டான் ஸ்டானர்ட் 1949-ல் கார் விபத்தில் இறந்தார். படவரிசை மூன்றோடு நின்றது.

அந்தப் படங்கள் பெரிய கலைப்படைப்புகள் அல்ல. காதுக்குள் ஆறடி உயரமாய் நின்ற ஆள், திரையில் சாதாரணக் கோட்டும் தொப்பியும் போட்டு வந்து நின்றால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

தமிழ்ச் சினிமாவுக்குத் துப்பறிவாளன் வந்தது அச்சிலிருந்து. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகி, நம்பியார் பல வேடங்களில் வந்த ‘திகம்பர சாமியார்’ அதற்கு நல்ல சாட்சி. சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கிவிட்டன. ஆனால் வானொலிப் பெட்டி இருந்த வீடு எத்தனை? நெல்லைக்கு நிலையம் வந்ததே 1963 டிசம்பரில்.

ஆனாலும் ஒரு துப்பறியும் கதை வானொலியின் கதவைத் தட்டிப் பார்த்தது. வீணை எஸ். பாலசந்தர், அகிரா குரோசவாவின் ‘ரஷோமான்’ படத்தைத் திரைப்பட விழாவில் பார்த்துவிட்டு, ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலியிடம் கொடுத்தார். வானொலி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இதை வானொலியிலேயே உட்கார்ந்து சொல்வது கொஞ்சம் தர்மசங்கடம்தான். பிறகு படத்தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் கதையைக் கேட்டுப் படமாக்க முன்வந்தார். 1954 ஏப்ரலில் ‘அந்த நாள்’ வெளியானது.

வேடிக்கை என்னவென்றால், கதையில் செத்துக் கிடப்பவன் ஒரு ரேடியோ இஞ்சினியர். பெயர் ராஜன், நடித்தவர் சிவாஜி கணேசன். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் விழுந்துவிடுகிறான். சத்தம் கேட்டுப் போலீசுக்குச் சொல்கிறார் பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை. சி.ஐ.டி. சிவானந்தமாக வருபவர் வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே. மனைவி, தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி என்று ஆளுக்கொரு ராஜனைச் சொல்கிறார்கள். 1950-ல் இங்கிலாந்தில் ஆண்டனி அஸ்க்வித் எடுத்த ஒரு படத்திலும் கொலையுண்ட பெண்ணை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு.

பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. எடுத்தவரோ வீணை வித்வான்! சிவாஜி முதல் காட்சியிலேயே செத்ததை ரசிகர்களால் பொறுக்க முடியவில்லை. வசூலும் சொல்லும்படி இல்லை.

வானொலி மறுத்தது நல்லதாகப் போயிற்று என்றுதான் நான் நினைக்கிறேன். வானொலி நாடகத்தில் யாருமே கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். அதனால், சுட்டவரை மட்டும் தனியாக மறைக்கிறார்கள் என்ற உறுத்தல் கேட்பவருக்கு வராது. ஒளிப்பதிவாளர் மாருதி ராவின் கேமரா எதைக் காட்டுவது, எதை நிழலுக்குள் தள்ளுவது என்று காட்சிக்குக் காட்சி தேர்ந்தெடுக்கிறது. ஒரே ஆள் ஒருவர் வாக்குமூலத்தில் நல்லவனாகவும் அடுத்தவர் வாக்குமூலத்தில் கல்நெஞ்சனாகவும் மாறுவதை சிவாஜியின் முகத்தில் பார்க்க வேண்டும். குரல் மட்டும் போதாது. சிவாஜியின் குரலே ஆனாலும் சரி.

படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒன்று. சுட்டது யார் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார். படம் பார்த்து முடிக்கும்வரை அவர் பக்கம் போகாதீர்கள்.