உயர்நிலைப் பள்ளியும் பெற்றோர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பட்டம் பெற்றவர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் என்னைக் கல்வி பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று முதலில் வியந்தேன். பிறகு ஒருவாறு விளங்கியது. நான் பேச வந்த பொருள், மிகுதியாகப் படித்த பெற்றோரைக் காட்டிலும் என்னையொத்த பெற்றோருக்கே பெரிதும் உரியது. ஆகவே துணிந்து நிற்கின்றேன். குறை காணின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

நாக்பூரில், இந்த அஜ்னிப் பக்கத்து ரயில்வே குடியிருப்புகளில், பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கும் நாள் ஒரு திருநாள். தந்தை விடுப்பு எடுக்கின்றார். தாய் புதுப் புடவை உடுத்துகின்றாள். ஊரிலுள்ள பாட்டிக்கு அன்றே புகைப்படம் போய்ச் சேருகின்றது. ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப் பாடத்தைத் தாய் பார்க்கின்றாள். ஏழாம் வகுப்பில் தந்தை சற்றே திணறுகின்றார். எட்டாம் வகுப்பு முடிந்ததும், "இனி இவன் பாடம் நமக்குப் புரியாது, டியூஷன் வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி இருவரும் ஒதுங்கிவிடுகின்றனர். பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகின்றான்; பெற்றோர் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

சட்டமும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நின்றுவிடுகின்றது. 2002-ஆம் ஆண்டில் நம் அரசியலமைப்பில் செய்யப்பெற்ற 86-ஆவது திருத்தம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்றும் அதே திருத்தம் விதித்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்லி, அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றது. ஆனால் இவையெல்லாம் எட்டாம் வகுப்பு வரைக்குமே. ஒன்பதாம் வகுப்பின் வாசலில் சட்டம் பிள்ளையின் கையை விடுகின்றது. அதே வாசலில் நாமும் கையை விட்டால் அவன் யார் கையைப் பற்றுவான்?

இது வெறும் அச்சமன்று. மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட 2021-22-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் இடையில் நின்றவர் நூற்றுக்கு 3 பேர். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நூற்றுக்கு 12.6 பேர். ஒரே படி ஏறியதும் நான்கு மடங்கு! வறுமை ஒரு காரணம், நான் மறுக்கவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் நம் வீடுகளிலும் பிள்ளை பின்தங்குகின்றானே, அதற்கு வறுமையைக் காரணம் சொல்ல இயலுமா?

அன்பர்களே, ஒன்றைச் சொன்னால் கோபம் கொள்ளாதீர்கள். மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளைகளின் கல்விப் படி உண்டு. மாதம் 2,250 ரூபாயாக இருந்தது, 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. அதைப் பெறத் தலைமையாசிரியரின் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்காக நம்மவர் பள்ளிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் நடப்பர். கையெழுத்துத் தெளிவாக இல்லையென்றால் மறுநாளும் போவர். ஆனால் அதே பள்ளி பெற்றோர் கூட்டத்திற்கு அழைத்தால், "அன்றைக்கு எனக்கு டியூட்டி" என்போம். படிக்குக் காட்டும் அக்கறையில் பாதியைப் படிப்புக்குக் காட்டினால் போதும் என்பதே என் விண்ணப்பம்.

கூட்டத்திற்குப் போகாமைக்கு டியூட்டி மட்டும் காரணமன்று. மெய்யான காரணம் கூச்சம். நம் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பேசுகின்றான். 2020-ஆம் ஆண்டின் சட்டப்படி இம்மாநிலத்துப் பள்ளிகள் அனைத்திலும் பத்தாம் வகுப்பு வரை மராத்தி கட்டாயப் பாடம். நமக்கோ, காய்கறிக் கடையில் செல்லுபடியாகும் இந்தி ஒன்றே துணை. ஆசிரியையின் முன் நின்று பேச நா எழுவதில்லை. ஆகவே பிள்ளையையே துபாஷியாக அழைத்துப் போகின்றோம். ஆசிரியை, "இரண்டு மாதமாகக் கணக்கு நோட்டே காட்டவில்லை" என்கின்றார். துபாஷி சற்றும் தயங்காமல், "இன்னும் கொஞ்சம் முயன்றால் முதல் மதிப்பெண் வாங்குவேனாம்" என்று மொழிபெயர்க்கின்றான். தந்தை மகிழ்ந்து கைகூப்பி விடைபெறுகின்றார்! சிரிக்கின்றீர்கள். சிரிப்பவர் சிலர் அந்தத் துபாஷிகளின் தந்தையர் என்பதும் எனக்குத் தெரியும்.

நிற்க. "அல்ஜீப்ரா அறியாத நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். பாடம் சொல்லித் தர ஆசிரியர் இருக்கின்றார். பெற்றோர் செய்யத் தக்கவை வேறு. அவற்றுள் நான்கைச் சொல்லுகின்றேன். நான்கிற்கும் பத்தாம் வகுப்புப் படிப்பே மிகை.

முதலாவது, பதிவேடு. இது என் தொழிலோடு பட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியுமே பின்னாளில் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஓய்வூதியத்திற்கும் அடிப்படை. பணிப் பதிவேட்டில் அந்தத் தேதி ஏறிவிட்டால் அதை மாற்றுவது குதிரைக் கொம்பு. நம் தமிழ் வழக்கில் தந்தை பெயர் தலைப்பெழுத்தாக நிற்கும். இங்கோ படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். ஆதாரில் எஸ். கார்த்திக், பள்ளியில் கார்த்திக் செல்வம், வங்கியில் செல்வம் கார்த்திக். ஒரே பிள்ளை மூன்று ஆளாகி நிற்கின்றான். பொதுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும் முன்பே பள்ளி அலுவலகத்திற்குச் சென்று, எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பள்ளியில் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிவது, பள்ளியை விட்டபின் பல அலுவலகப் படிகளை ஏற வைக்கும்.

இரண்டாவது, வருகை. மாநில வாரியமாயினும் மத்திய வாரியமாயினும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத நூற்றுக்கு 75 வருகை வேண்டும். ஆவணியிலும் தையிலும் ஊரில் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் நம் நிலையத்தின் வழியே போகின்றன, பாஸும் கையில் இருக்கின்றது, குடும்பத்தோடு ஏறிவிடுகின்றோம். சென்னைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போனால் பத்து நாளேனும் தங்காமல் வர மனம் வராது. வாரத்துக்கு ஆறு நாள் நடக்கும் பள்ளியில் வாரம் ஒரு நாள் நின்றாலே நூற்றுக்குப் பதினேழு போயிற்று. அதன்மேல் ஒரு திருமணப் பயணம் சேர்ந்தால் பிள்ளை விளிம்பில் நிற்பான். குறிப்பாகப் பெண் குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்க்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டுக்கு விருந்தினர் வந்தாலும், பள்ளிக்குப் போகாமல் நிற்பவள் மகள்தான், மகன் அல்லன். அந்த ஒவ்வொரு நாளும் அவள் வருகைப் பதிவேட்டில் ஒரு வெற்றிடம். ஒன்பதாம் வகுப்பில் இப்படிச் சேரும் வெற்றிடங்களே, "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை; வரன் பார்க்கலாம்" என்னும் பேச்சில் போய் முடிகின்றன. ஏறாதது படிப்பன்று; ஏறவிடாதவர் நாமே.

மூன்றாவது, மதிப்பெண்ணின் அமைப்பை அறிதல். முதன்மைப் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளியிலேயே இடும் மதிப்பெண் 20. அந்த இருபது, ஆண்டு முழுவதும் நோட்டுப் புத்தகத்தாலும் செய்முறையாலும் சிறு தேர்வுகளாலும் சேருவது. கணக்கு அறியாத தாயும் நோட்டைப் புரட்டி, ஆசிரியர் கையெழுத்து எந்தத் தேதியோடு நிற்கின்றது என்று பார்க்கலாம். எழுத்தறியாதவரும், "இன்று பள்ளியில் என்ன நடத்தினார்கள்? எனக்குச் சொல்" என்று கேட்கலாம். நமக்குப் புரிய வேண்டுவதில்லை. சொல்லிப் பார்க்கும்போது அவனுக்குப் புரிந்துவிடும். புரியாதது எது என்பதும் அவனுக்கே தெரிந்துவிடும்.

நான்காவது, மாற்றல். நம் பிழைப்பு மாற்றலோடு கலந்தது. பத்தாம் வகுப்பின் நடுவில் பிள்ளையை வேறு மாநிலத்துப் பள்ளிக்கு மாற்றினால் பாடமும் மொழியும் வாரியமும் ஒருசேர மாறும். மாற்றல் ஆணை வந்ததும் பெட்டியைக் கட்டிவிட வேண்டுவதில்லை. பிள்ளையின் படிப்பைக் காரணம் காட்டி, கூடுதல் வாடகை செலுத்தி, கல்வியாண்டு முடிவை ஒட்டிக் குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ள விதிகளில் இடமுண்டு. உரிய காலத்தில் விண்ணப்பிக்காமல், பிறகு வருந்துவோரையே அலுவலகத்தில் காண்கின்றேன்.

இனி, தனித்தனியே நம்மால் இயலாததைச் சங்கமாகச் செய்யலாம். வேற்றூரில் தமிழர் இதற்குமுன் செய்து காட்டியதுதான். அரசாங்கம் சிம்லாவிற்கும் தில்லிக்கும் மாறி மாறிச் சென்ற காலத்தில், நம்மையொத்த அலுவலகக் குடும்பங்கள் 1923-இல் பிள்ளைகளுக்காக ஒரு கல்விச் சங்கம் கண்டனர். அதுவே வளர்ந்து இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. பம்பாயில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. தாயகத்தில், காமராசர் ஆட்சியில், 1956-இல் மதிய உணவு தொடங்கியது. அதன் பின்னர், நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. பலகையும் நாற்காலியும் கட்டடமும் நிலமும் பொதுமக்கள் தந்தனர். தந்தவர்களில் எத்தனையோ பேர் பள்ளியின் உட்புறம் காணாதவர். படிப்பில்லாமை அவர்களைத் தடுக்கவில்லை.

நாம் பள்ளி கட்ட வேண்டுவதில்லை. மூன்று சிறு செயல்கள் போதும். மராத்தி நன்கறிந்த இருவர் மூவர் நம் சங்கத்தில் உள்ளனர். பெற்றோர் கூட்டங்களுக்கு அவர்கள் துணைவரட்டும். பிள்ளை துபாஷிக்கு ஓய்வு கொடுப்போம். இம்மாநிலத்தின் 2011-ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், அதன் செயற்குழுவில் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு பெற்றோரும் இருக்க வேண்டும். விருப்பம் தெரிவிப்போரில் குலுக்கலில் தேர்வு என்பதால் பட்டமோ பதவியோ தேவையில்லை. பெயர் கொடுக்கும் துணிவே தேவை. அடுத்த ஆண்டு நம்மவர் ஐவரேனும், அவர்களுள் தாய்மார் சிலரேனும், பெயர் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இந்தச் சங்க அறையை ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவருக்குத் திறந்து வைப்போம். ஓரறைக் குவார்ட்டர்ஸில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் சேர்ந்து முழங்க, பிள்ளை எங்கே அமர்ந்து படிப்பான்? பாடம் நடத்த ஆள் வேண்டா. அமைதி காக்க ஒரு பெரியவர் செய்தித்தாளுடன் அமர்ந்தால் போதும். முதல் நான்கு ஞாயிறுகளுக்கு அந்தப் பெரியவராக அமர நான் ஒப்புக்கொள்ளுகின்றேன். ஐந்தாவது ஞாயிற்றுக்குப் பெயர் தருவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கக் கேட்டுக்கொள்ளுகின்றேன்.

பெரியோர்களே! பிழைப்பிற்காக நாம் ஊரை விட்டு வந்தோம். நிலமும் உறவும் கோயிலும் அங்கே தங்கிவிட்டன. இங்கே நம் பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய சொத்து, அவர்களின் படிப்பு ஒன்றே. அவர்கள் நம் அறிவைக் கடந்து செல்லும் நாள் நமக்குப் பெருமை தரும் நாள், ஒதுங்கிக்கொள்ளும் நாளன்று. நமக்குப் புரியாத பாடத்தை அவர்கள் படிக்கும்போது அருகில் இருப்போம். பள்ளி அழைக்கும்போது போவோம். இவ்வளவே நான் வேண்டுவது.