வாசல்வரை சென்று அழைப்போம்

(விழா அரங்கில் ஆற்றிய உரை)



ஏரலிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில்தான் தூத்துக்குடி இருக்கிறது. துறைமுகம், உப்பளங்கள், சிப்காட் ஆலைகள், 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை எனத் தொழில்கள் பல அங்கு உள்ளன. ஆயினும், படிப்பும் வேலையும் இன்றி வீட்டில் முடங்கிய பிள்ளைகள் நம் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களைத் தடுத்து நிற்பது பாதைத் தொலைவு மட்டுமன்று, மனத்தொலைவும்தான்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஒருமுறை தேர்வில் தவறியவன், "இப்போது என்ன செய்கிறாய்?" என்று உறவினர் கேட்கும் கேள்விக்கு அஞ்சியே திருமண வீடுகளுக்கும் வருவதில்லை. நாளடைவில் அந்த அச்சமே அவனுக்கு இயல்பாகிவிடுகிறது.

அரசு வாயில்களைத் திறந்தே வைத்திருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயில்வோர்க்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேரும் மாணவர்க்கு, 2024 ஆகஸ்ட் முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இயங்குகின்றன. ஆனால், வீட்டுக்குள் முடங்கியவன் அறிவிப்புப் பலகையின்முன் வந்து நிற்பதில்லை.

'உயர்வுக்குப் படி' முகாம்களின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. பள்ளி முடித்தும் மேற்படிப்பில் சேராதவர்களைப் பட்டியலிட்டுத் தேடி அழைத்து, வழிகாட்டும் முயற்சி அது. ஐரோப்பிய ஒன்றியமும் 2013இல், படிப்பையோ வேலையையோ விட்ட இளைஞர்க்கு நான்கு மாதங்களுக்குள் வேலையோ பயிற்சியோ மேற்படிப்போ வழங்கவேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. காலம் கடந்தால் கூச்சம் இறுகிவிடும் என்பதே இவற்றால் நாம் அறியவேண்டிய பாடம்.

இளைஞர் பணி என்பது மேடைப்பேச்சன்று, உடன் நடத்தல். முதல் சந்திப்பில் வேலையைப் பற்றிப் பேசாமல், அவன் எதை விரும்புகிறான் என்று கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு அலுவலகம்வரை துணை செல்லுங்கள். பெண்பிள்ளையாயின், தாயையும் அழைத்துச் சென்று விடுதியையும் பேருந்து வசதியையும் காட்டுங்கள். வேலை கிடைத்தபின் கைவிட்டுவிடாதீர்கள். மேற்பார்வையாளரின் கடுஞ்சொல்லும், மாறிவரும் பணிநேரமும், தவறவிட்ட பேருந்தும் மனத்தைச் சோர்வுறுத்தும் முதல் மூன்று மாதங்களில்தான் ஆறுதல் சொல்ல ஒருவர் தேவை.

இந்த அறக்கட்டளைக் குடும்பங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நன்கொடையோடு உங்கள் நேரத்தையும் தாருங்கள். ஒரு குடும்பம் ஓர் இளைஞரை ஓராண்டுக்குத் தன் பொறுப்பில் ஏற்கட்டும். உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை யாரென்று உங்களுக்கே தெரியும். இந்த வாரமே அவ்வீட்டுக்குச் சென்று வாருங்கள்.