பள்ளி வாசலுக்கு வெளியே 14 மீட்டர்

(ஆவடி பகுதிக் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணக்கு ஆசிரியர். சாலையைப் பற்றிப் பேச இவருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சாலை என்பதே பெரும்பாலும் கணக்குதான். யாருக்காகப் போட்ட கணக்கு என்பதுதான் கேள்வி.

நம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட ரயில் பாதை இந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது. அதை ஒட்டியே சி.டி.எச். ரோடு. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன, லாரிகளும் வந்தன. தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை. குறுக்கே சென்னை புறவழிச்சாலை. அதற்கும் மேற்கே வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. நீளத்துக்கு வெளிவட்டச் சாலை. பூந்தமல்லி பக்கம் மெட்ரோ தூண்களும் எழுந்துவிட்டன. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. 108 வண்டி பத்து நிமிடம் முன்னதாக மருத்துவமனை சேர்ந்தால் ஓர் உயிர் பிழைக்கும். நம் மாணவர்களின் பெற்றோர் பலர் இந்தச் சாலைகளில்தான் ஷிப்டு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

ஆனால் வீடு ஒரு பக்கமும் பள்ளி மறுபக்கமுமாக இருக்கிற குழந்தைக்கு, அகலமாகிற சாலை என்ன ஆகிறது?

இதை என் வகுப்பில் ஒரு பாடமாகவே செய்தோம். சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை. தயவுசெய்து நீங்களும் அழைத்துப் போகாதீர்கள். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் 14 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டோம். ஒரு தடம் மூன்றரை மீட்டர் என்றால் நான்கு தடத்துக்கு 14. புத்தகப் பையோடு நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் நேரம் பார்த்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறக்குறைய 12 வினாடியில் கடந்தார்கள். ஒரு மாணவி மட்டும், "சார், நான் தினமும் தம்பியைக் கூட்டிட்டுத்தான் வருவேன்" என்றாள். தம்பி ஒன்றாம் வகுப்பு. அவனையும் வரவழைத்துக் கையைப் பிடித்து நடக்கச் சொன்னோம். 18 வினாடி.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 18 வினாடியில் 250 மீட்டர் வந்துவிடும். அதாவது கால் கிலோமீட்டர் தள்ளி வரும் லாரியைப் பார்த்து, அதன் வேகத்தை மனக்கணக்காகப் போட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும் அந்தப் பெண். வயது பதினொன்று. அதே சாலை ஆறு தடமானால் 21 மீட்டர், 27 வினாடி, வண்டி 375 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் வேகம் பெரியவர்கள் கண்ணுக்கே பிடிபடாது.

இப்போது அந்த நான்கு தடச் சாலையின் நடுவே, இருவர் பாதுகாப்பாக நிற்கக்கூடிய அகலத்தில் ஒரு மேடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதியாகக் கடக்கலாம். ஒரு பாதிக்கு 9 வினாடி, 125 மீட்டர். ஒரு பக்கம் பார்த்தால் போதும். மேம்பாலம் கட்டும் செலவில்லை இதற்கு. நடை மேம்பாலம் கேட்கலாமே என்பார்கள். படியேறி இறங்கும் அலுப்பில் அதன் அடியிலேயே ஓடிக் கடப்பவர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம்.

வேகத்தையும் கணக்கில் சேர்த்தோம். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக் போட்டு வண்டியை நிறுத்தத் தேவையான தூரமாக இந்தியச் சாலைப் பேராயம் சொல்வது 30 கி.மீ. வேகத்துக்கு 30 மீட்டர், 50 கி.மீ. வேகத்துக்கு 60 மீட்டர். வேகம் இரு மடங்கு ஆகவில்லை, தூரம் இரு மடங்காகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கச் சமன்பாடு நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு வேறொரு பாடம் இருக்கிறது: தண்ணீர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி என ஒன்றின் உபரி நீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலி நம்முடையது. அந்த வழியை அடைத்தால் நீர் சாலையில் நிற்கும், நின்ற நீர் தாரையும் ஜல்லியையும் பிரிக்கும், பள்ளம் விழும். பள்ளத்தை மூடப் பழைய சாலையின் மேலேயே புதிய தார் போட்டால் சாலை உயர்ந்து, பள்ளி வளாகம் குளமாகும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியது இதற்காகத்தான். உங்கள் பள்ளி வாயிற்படிகளில் எத்தனை மண்ணுக்குள் போயிருக்கின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு ஓவியப் போட்டி நடத்துகிறோம். நடத்துவோம், நல்லதுதான். ஆனால் எல்லா ஓவியமும் குழந்தையைப் பார்த்தே "கவனமாக இரு" என்கிறது. சாலை போடுகிறவருக்கு யாரும் படம் வரைவதில்லை.

அவருக்குப் போக வேண்டியது மனு. அதற்கு முன் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. உட்புறத் தெருக்கள் இவர்களுடையவை. பெரிய சாலைகளில் பல நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. தவறான அலுவலகத்துக்குப் போன மனு மாதக்கணக்கில் சுற்றும்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினரும் இருக்கிறார். பிள்ளைகள் போட்ட கணக்கை இணைத்துத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினோம். "ஆபத்தாக உள்ளது" என்று எழுதவில்லை; "18 வினாடி, 250 மீட்டர்" என்று எழுதினோம். சில மாதங்களில் வெள்ளைக் கோடுகளும் எச்சரிக்கைப் பலகையும் வந்தன. நடு மேடை இன்னும் வரவில்லை. இரண்டாவது தீர்மானம் போயிருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் தீர்மானப் பதிவேட்டிலேயே ஒட்டி வையுங்கள். நாம் மாறுதலில் போய்விடுவோம். அடுத்து வருகிறவர் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மூன்றாவது தீர்மானத்தைத் தொடங்கட்டும்.