வினவும் முறைமை

(இராயபுரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயத்தைக் குறித்துப் பேசும்படி காரியதரிசியவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். கல்வியைக் குறித்தும் ஒற்றுமையைக் குறித்தும் இம்மேடையில் வல்லோர் பலர் பேசியிருக்கின்றனர். யாம் அவற்றை விடுத்து, சிறிதெனத் தோன்றும் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அஃதாவது, ஒருவரை ஒன்று கேட்குமிடத்து எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பதாம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், கேட்பதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டோ?" என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயின், வாயிருந்தும் பிழையாத பிள்ளைகள் பலரை யாம் கண்டிருக்கின்றோம். அவர்களுள் ஒருவராய் யாமும் இருந்தோம் என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நமது மொழியில் 'கேள்' என்னும் ஒரு சொல்லே செவிகொடுத்தலையும் வினவுதலையும் குறிக்கின்றது. திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயர். ஆனால் அது வினவுதலைப் பற்றியதன்று, செவியாற் கேட்டறிதலைப் பற்றியதாகும். இதனால் யாம் கொள்ளும் பாடம் ஒன்றுண்டு. செவியைத் திறவாதவன் வாயைத் திறந்தும் பயனில்லை. முன்னர்ச் சொல்லப்பட்டவற்றைக் கேட்டிராதவன், பின்னர்க் கேட்கும் வினாவினால் தன் காலத்தையும் பிறர் காலத்தையும் வீணாக்குகின்றான்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தனர். பள்ளிப் பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்துவிடுகின்றனர். மறவாதிருப்பாராயின், சபை நடத்துதற்கு இதனினும் நல்ல ஒழுங்கு வேறு வேண்டுவதில்லை. தான் அறிந்ததையே, மாணாக்கன் அறிந்தனனோ என்று சோதிக்க ஆசிரியன் கேட்பது அறிவினா. அது வகுப்பறைக்கு உரியது. சபையிலே ஒருவரை நாணச்செய்யும் பொருட்டு அதனைக் கையாளுதல் வினாவாகாது, பகையேயாம். அறியாதவன் அறிதற்பொருட்டுக் கேட்பது அறியாவினா. அதில் இழிவு அணுவளவும் இல்லை. ஐயவினாவோ, "அங்கே கிடப்பது கயிறோ, பாம்போ?" என்பது போன்றது. ஐயுறுவோன் தான் கண்ட அளவை முன்னே வைத்து, எஞ்சியதை மாத்திரம் கேட்கின்றான். எமது கருத்தில் வினாக்களுள் தலையாயது இதுவே. கொளல்வினா கடையிற் பொருள் வாங்குவோன் கேட்பது; கொடைவினா இல்லாதவனுக்குக் கொடுக்க எண்ணிக் கேட்பது. இவ்விரண்டிலும் தீங்கில்லை. ஏவல்வினா, ஒரு தொழிலைச் செய்யும்படி வினாவின் வாயிலாக ஏவுவது.

நமது கூட்டங்களிற் கலகம் விளைவது இவ்வகைகளைக் கலப்பதனாலேயே. "சங்கக் கணக்கு எவர் கையில் இருக்கின்றது?" என்று ஒருவர் எழுந்து கேட்கின்றார். அவர் அறிய விரும்புகின்றாரா, கணக்கை வாசிக்கும்படி ஏவுகின்றாரா, அல்லது குற்றம் சாட்டுகின்றாரா என்பது பொக்கிஷதாரருக்கு விளங்குவதில்லை. அவர் மிக மோசமான பொருளையே கொண்டு விடையிறுக்கின்றார். அப்பால் அரைமணி நேரம் கணக்கைத் தவிர மற்றெல்லாம் பேசப்படுகின்றது! "சென்ற ஆண்டு விழாச் செலவின் விவரத்தை அடுத்த கூட்டத்தில் வாசிக்கக் கேட்டுக்கொள்கின்றேன்" என்றிருப்பின், ஒரு வாக்கியத்தில் காரியம் முடிந்திருக்கும்.

நிற்க. எமது சொந்த அனுபவத்தைச் சொல்லுகின்றோம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாளுதலை நிறுத்தும்படி 2011-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அச்சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. இராயபுரத்தார் சற்றே மூச்சுவிட்டனர். யாமோ அப்பொழுது எண்ணூர்ப் பக்கத்தில் குடியிருந்தோம். திண்ணையிலும், கொடியிற் காயும் துணியிலும், குழந்தையின் பாலிலும் கரும்பொடி படிந்தது. தெருவார் கூடி ஓர் அலுவலகத்துக்குத் தகவல் கேட்டு மனு எழுதினோம். எழுதியவர் யாமே. இரண்டு பக்கம் நிறைய எங்கள் துயரங்களை விவரித்து, முடிவில், "இக்கொடுமையை இதுவரை ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்டிருந்தோம். "தாங்கள் கேட்டது தகவல் என்பதன்பாற் படாது" என்று ஒரு வரியில் விடை வந்தது. யாம் பெருஞ்சினங்கொண்டு அவ்வலுவலகத்தை வாயார வைதோம்.

நமது சங்கத்துப் பெரியவர் ஒருவர், குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அம்மனுவின் நகலை வாங்கி வாசித்தார். "தம்பி, இது வினாவா, அழுகையா?" என்றார். யாம் வாய்திறந்திலோம். "எந்தக் கிடங்கு? எந்த மாதம்? அவர்களிடம் உள்ள எந்தக் காகிதம் உனக்கு வேண்டும்?" என்று மேலும் கேட்டார். "அதெல்லாம் தெரியாது அண்ணா" என்றோம். "உனக்கே தெரியாததை அவர்கள் எப்படித் தேடி எடுப்பார்கள்?" என்றார். வினாவுக்கு எதிர்வினாவே விடையாதலும் உண்டென நன்னூலார் கூறியதன் பொருள் அன்றே எமக்கு விளங்கிற்று.

அவர் எமக்குக் கற்பித்ததை இங்குச் சுருங்கச் சொல்லுகின்றோம். தகவல் உரிமைக்கு இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகச் சட்டம் செய்தது நமது தமிழ்நாடே. அது 1997-ஆம் ஆண்டில். நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன்படி, கேட்பவர் தாம் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுவதில்லை. கட்டணம் 10 ரூபாய். நமது மாநிலத்தில் அதனை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாட்களுள் விடை தரல் வேண்டும். உயிரையோ உடற்சுதந்திரத்தையோ பற்றியதாயின் 48 மணி நேரத்துள். விடை வராவிடினும், வந்த விடை நிறைவு தராவிடினும், அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு 30 நாட்களுள் முறையிடலாம். ஆனால், அலுவலகத்தில் உள்ள பதிவையே தரக் கடமைப்பட்டவரன்றி, இல்லாததை ஆக்கித் தரவும், அபிப்பிராயம் கூறவும் அதிகாரிகள் கடமைப்பட்டவரல்லர் என்று உச்சநீதிமன்றம் 2011-ல் தீர்ப்புரைத்தது. ஆகவே, "ஏன்?" என்பதினும் "எது?", "எப்பொழுது?", "எதன் பிரதி?" என்பனவே வலிய வினாக்களாம்.

இரண்டாம் மனுவை ஐந்து வரியில் எழுதினோம். கிடங்கின் பெயரைச் சொல்லி, இரண்டு மாதங்களைக் குறித்து, அம்மாதங்களிற் செய்த சோதனைகளின் அறிக்கைப் பிரதிகளைக் கேட்டோம். அம்மாதங்களிற் சோதனை நிகழ்ந்ததற்குப் பதிவு இல்லையென்று விடை வந்தது. சகோதரர்களே! அவ்வொரு தாள் எங்கள் இரண்டு பக்கக் கண்ணீரினும் வலியதாயிற்று. அதனை இணைத்து முறையிட்ட பின்னரே ஒருவர் வந்து பார்த்தார். புழுதி முற்றும் நின்றதென்று சொல்லோம். கிடங்கிற் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினர் என்று சொல்லுவோம்.

எண்ணூர்க் கழிமுகத்தின் செய்தியும் இதற்குச் சான்றாகும். "கழிமுகத்தைக் காப்பீர்களா?" என்று கேட்டிருப்பின் "ஆவன செய்யப்படும்" என்னும் விடையே கிடைத்திருக்கும். ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தின் பிரதி கேட்கப்பட்டது. 1996-ல் ஒப்புதல் பெற்ற படத்தில் காக்கத்தக்க நீர்ப்பரப்பாய்க் காட்டப்பட்ட கழிமுகம், பின்னர் வழங்கப்பட்ட வேறொரு படத்தில் காணப்படவில்லை என்பதை மீனவரும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் 2017-ல் வெளிப்படுத்தினர். எது என்று கேட்டமையால் இரண்டு படங்கள் அருகருகே வைக்கப்பட்டன.

புதிய தொழிற்சாலைகளுக்காகக் கூட்டப்படும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களையும் நம்மவர் அறிவர். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அங்கு வந்தவர் எவரும் விளக்கம் கேட்கலாம். நடவடிக்கைகள் எழுதிக்கொள்ளப்படும், படமும் பிடிக்கப்படும். கூச்சல் அந்நாளோடு போம். தெளிவாகக் கேட்ட வினாவோ ஏட்டில் ஏறும்.

இனி, கேட்கவேண்டிய காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயினின்றும் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களில் ஜனங்கள் கண்ணெரிந்து, மூச்சுத்திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். "இது என்ன நாற்றம்? எப்பக்கம் ஓடுவது?" என்று அவ்விருளில் ஒருவரையொருவர் கேட்டனர், விடை சொல்வார் இலர். அமோனியா நீரில் எளிதிற் கரைவது; ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லல் வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருந்தோர் எத்தனை பேர்? பேராபத்து நேரக்கூடிய தொழிற்சாலையார், ஆபத்தின் தன்மையையும் அப்பொழுது செய்யத்தக்கன தகாதனவற்றையும் அயலில் வாழ்வார்க்கு அறிவித்தல் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகள் கூறுகின்றன. அவ்வறிவிப்பு எங்கே என்று பகலில், அமைதியான நாளில், நாம் கேட்டிருத்தல் வேண்டும். நள்ளிரவிற் கேட்கும் வினாவுக்கு விடை ஓட்டம் ஒன்றே.

ஆதலின், நமது சங்கத்தார் கைக்கொள்ளுமாறு யாம் வேண்டுவன இவை. முதலாவது, கேட்குமுன் நாமே தேடிப்பார்த்தல்; தேடியதையும் கண்டதையும் சொல்லிக் கேட்டல். இரண்டாவது, அறிந்தவர் எவரோ அவரைக் கேட்டல். எளிதில் அகப்பட்டவரைக் கேளாமை. மூன்றாவது, ஒருமுறைக்கு ஒன்றே கேட்டல். நான்காவது, வினாவினுள் வசையையும் ஏவலையும் ஒளித்து வையாமை. ஐந்தாவது, விடை பெற்றவர் அதனைச் சபைக்கு வந்து உரைத்தல். ஒருவர் பெற்ற விடை மற்றொருவர் மறுபடி கேளாதபடி காக்குமன்றோ?

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் வீட்டுப் பெண்ணொருத்தி, "இந்தக் காகிதத்தில் ஏன் கையெழுத்திடவேண்டும் மாமா?" என்று கேட்டால், "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று வாயடைத்தல் நம்மிடையே வழக்கமாய்விட்டது. அவள் கேட்டது அறியாவினா. அதற்கு நாம் விடை சொல்ல இயலாவிடின், கையெழுத்திடுதலை நிறுத்திவைக்க அதனினும் நல்ல காரணம் வேறுண்டோ? கேட்கப்படுவோர் சினவாதிருத்தலும் வினவும் முறைமையில் ஒரு பாதியாம்.

நமது திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் விரித்துரைத்தற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் அறிவிக்கின்றன. கேட்டுத் தெளியும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. ஆகவே, கூட்டந்தோறும் அரைமணி நேரத்தை வினாக்களுக்கென ஒதுக்கி, வினாவையும், விடை கொணர ஒப்புக்கொண்டவர் பெயரையும், விடையையும் எழுத ஒரு புத்தகம் வைக்கும்படி காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அதன் முதற்பக்கத்தில் எழுதவேண்டிய வினாவையும் யாமே தருகின்றோம்: 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி நம் குப்பங்களுக்கு அளிக்கவேண்டிய ஆபத்துக்கால அறிவிப்பின் பிரதி எவரிடத்தில் இருக்கின்றது? அடுத்த கூட்டத்திற்குள் அதனை எழுதிக்கேட்டு விடை கொணரும் பொறுப்பை யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.