உதைபந்தாட்டமும் நேர்முக வர்ணனையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

சமயமும் தமிழும் முழங்க வேண்டிய மேடையில் உதைபந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். கண்டி என்றால் றக்பி, இலங்கை என்றால் கிரிக்கெட் என்றாகிவிட்ட பிறகு உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று இளைஞர் சிலரும் எண்ணலாம். நாம் பேச எடுத்துக்கொண்டது பந்தைப் பற்றியதன்று, பேச்சைப் பற்றியது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அதை எடுத்துச் சொல்ல வருகின்ற வர்ணனையாளரின் நாவைப் பற்றியது. நாவடக்கம் சமயத்திற்குப் புறம்பானது என்று எவரும் சொல்லமாட்டார்கள் அல்லவா?

அம்பிட்டியிலாகட்டும், ஹந்தானைச் சாரலிலாகட்டும், உதைபந்தாட்ட அபிமானிகள் நால்வர் கூடினால் முதலில் வருவது தோற்ற கட்சியைப் பற்றிய வருத்தம். அடுத்து வருவது தொலைக்காட்சியில் பேசியவரைப் பற்றிய வசை. ஐரோப்பாவின் பெரிய போட்டிகள் சில நமது கடிகாரப்படி நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்குத் தொடங்குகின்றன. வீட்டார் எல்லாரும் உறங்கும் வேளையில், ஒலியை ஒடுக்கிவைத்துப் பார்க்கிறான் இளைஞன். பந்து நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே வர்ணனையாளர் கூச்சலிடுகிறார், பாட்டியார் விழித்துக்கொள்கிறார், அங்கே கோலும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை! "இந்த மனிதன் வாயை மூடினால் போதும்" என்று ஒலியை முற்றாக நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். உலகெங்கும் உள்ள ரசிகர்கள் இதே குறையைத்தான் கூறுகிறார்கள். இந்தக் குறை நியாயமானதா, எந்த அளவுக்கு நியாயமானது, அதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது என்பதையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

நேர்முக வர்ணனை என்பது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நாம் நினைத்தல் வேண்டா. நமது இதிகாசத்திலேயே ஒரு வர்ணனையாளன் இருக்கிறான். அவன்தான் சஞ்சயன். கண்ணில்லாத திருதராட்டிரனுக்குக் குருக்ஷேத்திரத்துப் போரை எடுத்துரைத்தவன் அவன். வியாசர் அருளிய ஞானக்கண்ணால் போர்க்களத்தைக் கண்டான். கண்டதைக் கண்டபடி சொன்னான். கேட்டவனோ ஒரு கட்சியின் தந்தை. சொன்னவனுக்குச் சோறிட்ட அரசன். அப்படியிருந்தும் பீஷ்மர் வீழ்ந்ததையோ, துரோணர் வீழ்ந்ததையோ, கர்ணன் வீழ்ந்ததையோ சஞ்சயன் மறைக்கவில்லை, மழுப்பவுமில்லை. இந்த அழிவுக்கு நீயும் காரணம் என்று மன்னனின் முகத்துக்கெதிரே இடித்துரைக்கவும் தயங்கவில்லை. தெளிவாகக் காணல், உள்ளபடி கூறல், ஒருபாற் கோடாமை ஆகிய மூன்றும் அவனிடம் இருந்தன. இம்மூன்றுமே வர்ணனையாளருக்கு இலக்கணம் என்று கொள்வோம்.

ஆனால் இன்றைய வர்ணனையாளருக்குச் சஞ்சயனுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. திருதராட்டிரனுக்குக் கண் இல்லை, நமக்கு இருக்கிறது. இந்த வேறுபாட்டை உணராமையே பாதிக் குறைகளுக்கு வேர்.

வானொலிக் காலத்தில் கேட்போர் எல்லாரும் திருதராட்டிரர்களே. 1927 ஜனவரி 22ஆம் திகதி இலண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலுக்கும் ஷெபீல்ட் யுனைட்டெட்டுக்கும் நடந்த ஆட்டத்தை பீ.பீ.சி. முதன்முதலாக ஒலிபரப்பிற்று. மைதானத்தை எட்டுச் சதுரங்களாகப் பிரித்த படமொன்று வானொலிச் சஞ்சிகையில் முன்னதாகவே அச்சாகியிருந்தது. ஒருவர் ஆட்டத்தை வர்ணிக்க, மற்றொருவர் பந்து எந்தச் சதுரத்தில் நிற்கிறது என்று எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் பந்தைப் பின்தொடர்ந்தார்கள். கேட்போனுக்கு எது தெரியாதோ அதைச் சொல்லவேண்டும் என்ற அக்கறை அங்கே இருந்தது. நமது மூத்தோரும் வானொலியின் வாயிலாகவே ஆட்டங்களை மனத்திரையில் கண்டு வளர்ந்தவர்கள். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில். ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரியில்.

தொலைக்காட்சி வந்ததும் வர்ணனையின் வேலை மாறிவிட்டது. "பந்தை வலப்பக்கம் அனுப்புகிறார்" என்று வானொலியில் சொன்னால் அது செய்தி. தொலைக்காட்சியில் சொன்னால் வெறும் எதிரொலி. பந்தை அனுப்பியவர் யார், அவர் ஏன் அங்கே நின்றார், மறுபக்கத்தில் எவருக்கு இடம் கிடைத்தது என்பவற்றையே பார்ப்பவன் அறிய விரும்புகிறான். அவற்றைச் சொல்லாமல், வீரரின் சம்பளத்தையும் சென்ற வாரத்து வம்பையும் இருவர் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, திரையில் ஆட்டம் அநாதையாக ஓடுகிறது. கோல் விழுந்த பிறகுதான் அவர்களுக்கு ஆட்டத்தின் ஞாபகம் வருகிறது. வள்ளுவப் பெருந்தகை 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரத்தையும், 'சொல்வன்மை' என்று வேறோர் அதிகாரத்தையும் வகுத்தார். வல்லமையாகப் பேசக் கற்பதோடு வீணாகப் பேசாதிருக்கவும் கற்கவேண்டும் என்பது அவர் கருத்து.

அப்படியானால் வர்ணனையே வேண்டாமா? அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். கையால் பந்தை ஏந்தி ஓடும் உதைபந்தாட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1980 டிசம்பர் 20ஆம் திகதி மயாமியில் நடந்த அத்தகைய ஆட்டமொன்றை என்.பீ.சி. நிறுவனம் வர்ணனையாளர் எவருமின்றி ஒளிபரப்பிற்று. மைதானத்து ஓசையும் திரையில் எழுதிக் காட்டிய விவரங்களும் மாத்திரமே இருந்தன. பலர் அதை விரும்பிப் பார்த்தார்கள். எனினும் அந்தப் பரீட்சை நிலைக்கவில்லை. மனிதக் குரல் துணையிருக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு உண்டு. அந்தக் குரல் அளவறிந்ததாக இருக்கவேண்டும் என்பதே நமது வழக்கு.

மௌனத்தின் பெருமையை உணர்த்த ஒரு சம்பவம் போதும். 2021 ஜூன் 12ஆம் திகதி கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடியபோது, டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று மைதானத்திலேயே சாய்ந்தார். சக வீரர்கள் அவரைச் சுற்றி அரண்போல் நின்றார்கள். அத்தகைய நேரத்தில் வாய்சாலகத்திற்கு இடமேது? தெரிந்ததை மட்டும் இரண்டு வார்த்தையில் கூறி, ஊகத்தைத் தவிர்த்து, அமைதி காப்பதே பண்பு. எரிக்சன் உயிர் பிழைத்து 2022இல் மீண்டும் களம் இறங்கியது இறைவன் கருணை.

இனி, பெயர் உச்சரிப்பைக் கவனிப்போம். பெயரைச் சிதைப்பது சிறு பிழையென்று சிலர் கருதுகிறார்கள். நாம் அப்படிக் கருத இயலாது. தோட்டத்துப் பதிவேடுகளில் எழுதுவோரின் செவிக்கு எட்டியபடியெல்லாம் பெயர் எழுதப்பட்டு, அந்தப் பிழையைத் திருத்துவதற்கு ஆண்டுக்கணக்காக அலைந்தோரின் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். கண்டியிற் பிறந்து, டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனின் பெயரில் 'முத்தையா' என்பது தந்தையாரின் பெயர். அதை அறியாமல் 'முத்தையா' என்றே அவரை அழைத்த அயல்நாட்டவர் உண்டு. நமது பெயரைப் பிறர் சரியாகச் சொல்லவேண்டுமென்று விரும்புகிற நாம், செனகல் நாட்டு வீரரின் பெயரையும் குரோஷிய வீரரின் பெயரையும் சரியாகச் சொல்லவேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. பெயர்களை உச்சரிக்க வழிகாட்டுவதற்கென்றே பீ.பீ.சி.யில் ஒரு தனிப்பிரிவு இருக்கிறது. கேட்டு அறிந்துகொள்ள மனமிருந்தால் வழியும் உண்டு.

எல்லாவற்றினும் பெரிய குறை பக்கச்சார்பு. ஒரு கட்சிக்காகக் கத்துவது வெளிப்படையான சார்பு. அதை எளிதில் கண்டுகொள்ளலாம். ஒளிந்திருக்கும் சார்பு அதனிலும் கொடியது. 2020இல், இங்கிலாந்தின் தொழில்முறை வீரர் சங்கத்தின் ஆதரவோடு டென்மார்க் நிறுவனம் ஒன்று ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐரோப்பாவின் பெரிய போட்டித் தொடர்களில் நடந்த 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை அவர்கள் சல்லடையிட்டார்கள். வெள்ளைத் தோல் வீரர்களைப் புத்திசாலிகள், உழைப்பாளிகள் என்று புகழ்வது மிகுந்திருந்தது. கருந்தோல் வீரர்களின் உடல்வலிமையைப் பற்றிப் பேசுவது ஆறு மடங்குக்கும் மேலாக இருந்தது. இரண்டும் புகழ்ச்சிதானே என்று மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர் சொல்லலாம். ஒருவனுக்கு மூளையைக் கொடுத்து மற்றவனுக்கு எலும்பையும் தசையையும் மட்டும் கொடுக்கும் புகழ்ச்சி அது!

மலையகத்தில் வாழும் நமக்கு இந்தப் புகழ்ச்சி புதியதன்று. 1823ஆம் ஆண்டு தொடங்கிக் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வந்து சேர்ந்த நமது முன்னோரை 'நல்ல உடல் உழைப்பாளிகள்' என்று மெச்சியவர்கள் பலர். அவர்களுக்கும் அறிவுண்டு, கலையுண்டு, சிந்தனையுண்டு என்று சொன்னவர்கள் சிலரே. 2023இல் இருநூறாண்டை நினைவுகூர்ந்தபோதும் இந்த வேதனையே பல மேடைகளில் ஒலித்தது. ஆகவே வர்ணனையாளரின் வாயிலிருந்து தவறிவிழும் ஒரு சொல்லுக்காக இளைஞர் கோபங்கொள்ளும்போது, "விளையாட்டுத்தானே" என்று பெரியோர் தட்டிக்கழிக்கலாகாது. வாரந்தோறும் கோடிக்கணக்கானோர் செவியில் விழும் சொல், கேட்பவன் பிறரை மதிக்கும் விதத்தையே மாற்றிவிடும்.

இவ்வளவும் ரசிகர் பக்கத்து நியாயம். நடுவுநிலைமை பேசும் நாம் மறுபக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

ஓர் ஆட்டத்தில் இரு பக்கத்திலும் 22 பேர். மாற்றுவீரர் ஐவர் ஐவராக வந்தால் 32 பேர். ஒரே நிறச் சட்டை அணிந்து ஓடும் அவர்களைக் கணப்பொழுதில் இனங்கண்டு, பெயர் சொல்லி, விதியும் விளக்கவேண்டும். வர்ணனையாளர் எப்போதும் மைதானத்தில் இருப்பார் என்றும் எண்ணவேண்டாம். தொலைதூரக் கூடமொன்றில் அமர்ந்து, நாம் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துப் பேசுவோரும் பலர். 2020இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் இது மிகவும் பெருகிற்று. சாய்ந்து உட்கார்ந்து, அதே காட்சியை மூன்று முறை மெதுவாகத் திருப்பிப் பார்த்த பிறகு "எனக்கு அப்போதே தெரியும்" என்று சொல்வது நமக்கு எளிது. முதல் தடவையிலேயே சொல்லவேண்டியவருக்கு அது எளிதன்று.

ரசிகரின் குறை எல்லாமே நியாயமானதும் அன்று. 2007இல் ஜாக்கி ஓட்லி என்ற பெண்மணி பீ.பீ.சி.யின் புகழ்பெற்ற உதைபந்தாட்ட நிகழ்ச்சியில் முதல் பெண் வர்ணனையாளராக வந்தார். அவர் வாய் திறக்குமுன்பே பத்திரிகைகளில் எதிர்ப்புக் கிளம்பிவிட்டது! 2018 உலகக் கிண்ணத்தில் போர்த்துக்கலும் மொறொக்கோவும் ஆடிய ஆட்டத்தை விக்கி ஸ்பார்க்ஸ் வர்ணித்தபோதும், பெண்குரல் செவிக்கு ஒவ்வாது என்றோர் இருந்தனர். இது ஆட்டத்தை நேசிப்போரின் குறையன்று, பழக்கதோஷம். பேச்சின் தரத்தைக் குறைகூற நமக்கு உரிமை உண்டு. பேசுபவர் பெண்ணென்றோ, இன்ன நாட்டவரென்றோ குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வர்ணனையாளரிடம் நடுவுநிலைமை கேட்பவன் அதைத் தன்னிடமும் வைத்திருக்கவேண்டும்.

இளைஞர்களே, இனி நாம் செய்யவேண்டியது என்ன? இங்கிருந்து இலண்டனுக்குக் கடிதம் எழுதுவதால் பெரும்பயன் விளையாது. நம் கைக்கெட்டும் வேலை ஒன்று இருக்கிறது. 2022 உலகக் கிண்ணத்தை இந்தியாவில் இணையவழி ஒளிபரப்பிய நிறுவனம் தமிழ் வர்ணனையையும் வழங்கியது. தமிழில் உதைபந்தாட்டத்தைச் சொல்ல முடியும் என்பது கண்கூடாயிற்று. அதை நன்றாகச் சொல்லும் நாவுகள் எங்கிருந்து வரும்? தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டியிலும் தோட்டத்து மைதானத்திலும் ஒலிவாங்கியைப் பிடிக்கும் இளைஞரிடமிருந்தே வரவேண்டும்.

அங்கே நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சினிமா வசனமும், வேண்டியவருக்கு வாழ்த்தும், எதிர்க்கட்சிக்கு நையாண்டியும் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. தோற்ற கட்சியின் சிறுவன் தன் பெயரைக் கேலியாகக் கேட்டுத் தலைகுனிந்து போகிறான். தொலைக்காட்சியில் எதை வெறுக்கிறோமோ, அதையே நமது முற்றத்தில் வளர்க்கலாமா?

ஆகவே மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஒலிவாங்கி பிடிக்கும் நால்வரை, ஆணும் பெண்ணுமாகத் தேர்ந்து பயிற்றுங்கள். ஆட்டத்திற்கு முன் இரு கட்சி வீரரின் பெயர்களையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். விதிப்புத்தகத்தைப் படிக்கட்டும். தண்ட உதை, மூலை உதை, கோல்காப்பாளர், மத்தியஸ்தர் என்று வழங்கும் சொற்களைக் கூச்சமின்றி ஆளட்டும். 'ஓப் சைட்' என்றே ஊரார் சொல்வதை அப்படியே சொல்லட்டும். வென்றவனைப் புகழும்போது தோற்றவனின் ஒரு நல்ல செய்கையையும் குறிப்பிடட்டும். ஒருவன் அடிபட்டு விழுந்தால் வாய்மூடி நிற்கட்டும். வானொலியில் பேசிப் பழகிய பெரியோர், பண்ணிசைத்து நாவைப் பண்படுத்திய பெரியோர், நிறுத்திப் பேசும் முறையையும் மூச்சின் அளவையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். மூத்தோரும் இளையோரும் கைகோத்துச் செய்யத்தக்க பணி இது.

ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். கிண்ணத்தை வென்றவர் யாரென்பதும் நாளடைவில் மறந்துபோகும். நம் பெயரைச் சரியாகச் சொல்லி, நம் ஆட்டத்தை உள்ளபடி உரைத்தவரை மட்டும் நாம் மறப்பதில்லை. அத்தகைய வாய்மை வாய்ந்த நாவுகள் நமது மன்றத்திலிருந்து தோன்ற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!