கிடையில் நிற்க வேண்டிய கிடாய்



சம்பா அறுவடை முடிந்தபின் தஞ்சை வட்டாரத்து வயல்களில் ஆட்டுக்கிடை அமர்வதைக் கண்டிராதார் இலர். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டி வருவர். இரவில் பட்டி அடைத்த செய்க்குப் புழுக்கையும் நீரும் எருவாகும். அந்த எருவை நாம் அறிந்த அளவுக்கு ஆட்டை அறிந்தோமில்லை.

ஒரு மாசியில் எங்கள் வயலில் கிடை போட்டிருந்த முதிய கீதாரி ஒருவர், "குட்டிகள் ஆண்டுக்காண்டு சிறுத்துப் போகின்றன, வாத்தியாரையா, மேய்ச்சல் போதவில்லை" என்றார். மேய்ச்சல் குறைந்தது மெய்யே. ஆயினும், கொழுத்து வளரும் கிடாய்க்குட்டியை வியாபாரி முதலில் பிடித்துச் சென்றுவிடுகிறார். விலைபோகாத சவலையே மந்தைக்குப் பொலிகிடாவாகிறது. ஒரு கிடாய் இருபத்தைந்து, முப்பது பெட்டைகளுக்குத் தகப்பனாவதால், அதன் குறை மந்தை முழுவதும் பரவும். மேய்ச்சலின்மீது மட்டும் பழி போடுவது நியாயமா?

உடல் வளர்ச்சி ஒரே மரபணுவின் வேலையன்று. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்வது. தாய்ப்பாலும் புல்லும் நோயும் அதனுடன் கலந்து நிற்கும். எடை வேற்றுமையில் காற்பங்கே பரம்பரையால் வருவது என்று வைத்துக்கொள்வோம். தன் வயதொத்தவற்றைவிட 4 கிலோ மிகுந்த கிடாய், தன் குட்டிகளுக்குச் சராசரியாக அரைக் கிலோவே கூட்டித் தரும். 4 கிலோவில் கால் பங்கு 1 கிலோ, அதில் பாதியே தகப்பன் வழி. அரைக் கிலோதானா என்று கீதாரி சிரித்தார். நூறு குட்டிக்கு ஐம்பது கிலோ என்றதும் சிரிப்பு நின்றது. (வகுப்பில் இத்தனை விரைவாகக் கணக்குப் புரிந்துகொண்டவர் சிலரே.)

ஒப்பிடுவதிலும் நேர்மை வேண்டும். இரட்டைக்குட்டி தாய்ப்பாலைப் பங்கிட்டுக் கொள்வதால் இளைத்திருக்கும். அதை ஒற்றைக்குட்டியோடு நிறுத்துத் தள்ளிவிடலாகாது. சேலம் மாவட்டத்துப் பொட்டனேரியில் 1978-இல் தொடங்கிய மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், பிறந்த எடை, மூன்றாம் மாத எடை எனப் பருவந்தோறும் குறித்து வைப்பது இதற்காகவே. சொந்த மகளோடு தகப்பன் கிடாய் சேராதபடி, இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை வேறு மந்தையோடு கிடாய் மாற்றிக்கொள்வதும் அவசியம்.

வீட்டிலிருந்த தூக்குத் தராசை அவரிடம் கொடுத்தனுப்பினேன். மறு மாசியில் தராசு திரும்பி வந்தது. விலைக்குக் கேட்டும் கொடாத கிடாய்க்குட்டிகள் இரண்டு, காதில் வெட்டுக்குறியோடு கிடைக்குள் நின்றன.