எழுதியவரைத் தேடிப் போகும் வாசகர்கள்



பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதையே வாழ்நாள் பணியாகச் செய்து மறைந்த நூலகர் ஒருவரின் நினைவாக நடைபெறும் சொற்பொழிவு இது. ஆகவே இளையோர் நாவல்களையும் அவற்றை நேசிக்கும் வாசகர்களையும் பற்றிப் பேச விரும்புகிறேன். பதின்பருவப் பிள்ளைகள் ஒரு நாவலில் மூழ்கிவிட்டால் அதை எழுதியவர் பெயரையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாம் அதை வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த ஈடுபாடுதான் இந்த இலக்கிய வகையை வளர்த்தது என்பது என் துணிபு. அமெரிக்காவில் நடந்தவற்றைக் கொண்டு அதை விளக்குகிறேன்.

1. டல்சா நகரத்து மாணவி

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1948இல் பிறந்தவர் எஸ். இ. ஹின்டன். அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் ஏழை வீட்டுப் பையன்கள் ஒரு கூட்டமாகவும் வசதியுள்ளவர்கள் வேறொரு கூட்டமாகவும் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். பதின்பருவத்தினருக்கென்று அன்று வந்த கதைகளில் அந்தச் சண்டையும் இல்லை, அந்தப் பையன்களும் இல்லை. படிக்கக் கிடைக்காத கதையைத் தானே எழுத உட்கார்ந்தபோது ஹின்டனுக்கு வயது 15. ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவல் 1967இல் அச்சாகி வந்தது. போனிபாய் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் தாய் தந்தையை இழந்து அண்ணன்மார் இருவரின் நிழலில் வளர்கிறான். அவனே சொல்லும் கதை அது. பையன்களின் கதையைப் பெண் எழுதினாள் என்று தெரிந்தால் மதிப்புரைக்காரர்கள் புறக்கணித்துவிடுவார்களோ என்று பதிப்பகம் அஞ்சியது. அதனால்தான் பெயர் வெறும் முதலெழுத்துகளாக நின்றது.

இந்த நாவலைப் பெரியவர் எவரும் பிள்ளைகளுக்காகத் திட்டமிட்டுச் செய்து தரவில்லை. படிக்கக் கிடைக்காமல் தவித்த இளம் வாசகி ஒருத்தியே எழுதியது. வாசிப்பின் பசி முற்றினால் அது எழுத்தாகிவிடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2. ஃப்ரெஸ்னோவிலிருந்து போன கடிதம்

கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் லோன் ஸ்டார் என்றொரு பள்ளி. அங்கே நூலகராக இருந்தவர் ஜோ எலன் மிசாகியன். புத்தகம் என்றாலே விலகி ஓடும் பையன்கள்கூட ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை விடாமல் படிப்பதை அவர் கவனித்தார். இதைப் படமாக எடுக்க வேண்டும், அதை ‘காட்ஃபாதர்’ எடுத்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவே எடுக்க வேண்டும் என்று மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். 1980இல் நூலகர் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் கையெழுத்திட்ட மனுவும் கூடவே போனது. நாவலின் பிரதியையும் சேர்த்து அனுப்பினார்கள்.

கொப்போலா அந்தப் படத்தை டல்சாவிலேயே எடுத்தார். 1983இல் வெளிவந்தது. அந்த நூலகருக்கும் அந்தப் பள்ளி மாணவர்களுக்கும் படத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற இயக்குநர் ஒருவருக்கு எந்த நாவலைப் படமாக்கலாம் என்று எடுத்துச் சொன்னவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய இலக்கிய ரசனையைக் குறைத்து மதிப்பிட நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

3. தொலைபேசியை எடுத்தவர்

வாசகர் நீட்டும் கையை எழுத்தாளர் பற்றிக்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸின் லெமன்ஸ்டர் நகரில் பத்திரிகையாளராக இருந்த ராபர்ட் கார்மியர் அப்படிப்பட்டவர். பள்ளிக்காகச் சாக்லேட் விற்கத் தம் மகன் மறுத்ததிலிருந்து பிறந்தது அவருடைய ‘தி சாக்லேட் வார்’. 1974இல் வெளியான அந்நாவல் இருண்ட முடிவைக் கொண்டது. அதனாலேயே பல பள்ளிகளில் அதை நீக்கச் சொல்லிப் பெற்றோர்கள் போராடினார்கள். 1977இல் வந்த ‘ஐ ஆம் தி சீஸ்’ நாவலில் ஏமி என்ற பெண்ணின் தொலைபேசி எண்ணாகக் கார்மியர் தம் வீட்டு எண்ணையே கொடுத்திருந்தார். இளம் வாசகர்கள் அந்த எண்ணுக்கு அழைத்தார்கள். அவரும் எடுத்துப் பேசினார்.

இன்னோர் எழுத்தாளரான ஜூடி ப்ளூமுக்கு வந்தவை கடிதங்கள். வீட்டில் சொல்ல முடியாததை, அம்மாவிடமும் மறைத்ததை, பிள்ளைகள் முகம் பார்த்திராத அந்த எழுத்தாளருக்கு எழுதினார்கள். அவற்றிலிருந்து தொகுத்து 1986இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார். அவருடைய ஆவணங்கள் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பேணப்படுகின்றன.

எழுத்தாளர் மேல் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பாசம் என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. உபதேசம் செய்யாமல் தங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட பெரியவர் அவர். அந்த வயதில் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது.

4. நூலகரின் இடம்

பால்டிமோர் நகரின் ஈனாக் பிராட் நூலகத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்பவர் பதின்பருவத்தினருக்கான பிரிவைக் கட்டியெழுப்பினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஏழைகள் வாழும் தெருக்களுக்குப் போனார். 1988இல் அவர் பெயரில் விருது ஒன்று ஏற்படுத்தப்பட்டது. முதல் விருதைப் பெற்றவர் எஸ். இ. ஹின்டன். எழுதியவரையும் படித்தவரையும் சேர்த்து வைத்தவர் நூலகர் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது.

அன்பர்களே, இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பெற்றோர்களே, பிள்ளை கையில் வைத்திருக்கும் நாவலைப் பறிப்பதற்கு முன் நீங்களும் அதைப் படித்துப் பாருங்கள். ஆசிரியர்களே, நூலகர்களே, அடுத்து எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று மாணவர்களிடமே கேளுங்கள். மாணவச் செல்வங்களே, உங்களுக்குப் பிடித்த நாவலை எழுதியவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது.